ஒரு பக்கத்துக்கு ஆறு

"கைய எடுங்க. மொதல்ல மவுஸ்லேர்ந்து கைய எடுங்க, சார்."

இதைச் சொல்லும்போது குணசுந்தரியின் காது பிரிண்டரின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும், கண் பாதி மூடியிருக்கும். உள்ளே உருளை சுற்றுகிறதா, காகிதத்தைப் பிடிக்கப் போய்ப் பிடி கிடைக்காமல் திரும்புகிறதா, அல்லது சும்மா சூடேறிக்கொண்டு கிடக்கிறதா என்பதை அந்தக் காது கண்டுபிடித்துவிடும். பயிற்சி வகுப்புக்கு ஸ்லைடு அச்சடிக்க வந்த இன்ஜினியர் எதிரே நெளிந்துகொண்டு நிற்பார். "எத்தினி தபா அமுக்கினீங்க?" என்பது அடுத்த கேள்வி. ஒரே தடவைதான் என்று இன்ஜினியர் சத்தியம் செய்வார். குணசுந்தரி அச்சுக்குக் காத்திருக்கும் வரிசையைத் திறந்து திரையில் காட்டுவார். அதே ஸ்லைடுகள் ரேஷன் கடைக் கூட்டம்போல ஒன்றன்பின் ஒன்றாக நின்றுகொண்டிருக்கும். "நீங்க மறந்துட்டீங்க. அது மறக்கல" என்று சொல்லி எல்லாவற்றையும் அழித்துவிட்டு, பிரிண்டரை அணைத்து, ஒரு மடக்கு தண்ணீர் குடித்து, மறுபடி போடுவார். தண்ணீர் குடிப்பது பிரிண்டருக்காக. அணைத்த உடனே போட்டால் அதற்குப் புத்தி வராது என்பது அவருடைய உறுதியான கருத்து.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், கார்களுக்கு ரப்பர் வளையம் செய்யும் தொழிற்சாலை ஒன்றின் டைம் ஆபீஸில் வேலை பார்க்கிறார் குணசுந்தரி. கேட்டை ஒட்டிய அறை. உள்ளே வருகிறவர்களும் வெளியே போகிறவர்களும் அந்த ஜன்னலைத் தாண்டித்தான் ஆகவேண்டும். யார் வந்தார்கள், யார் வரவில்லை, யாருக்கு லீவு, யாருக்கு ஓவர்டைம் என்பதைப் பார்ப்பதுதான் அவருக்கும் கூட உட்கார்ந்திருக்கும் இன்னும் இரண்டு பேருக்கும் சம்பளத்துக்கான வேலை. மற்றதெல்லாம் வெளி விவகாரம். கேண்டீன் சாம்பாரில் உப்பு இல்லையா, யூனிபார்ம் தொளதொளவென்று இருக்கிறதா, பஸ் லேட்டா, யார் எதைக் கொண்டுவந்தாலும் அவரிடம் ஒரே பதில் தயாராக இருக்கும்: "அது என் டிப்பாட்மெண்டு இல்ல."

பிரிண்டரும் அவருடைய டிபார்ட்மெண்ட் இல்லை. வேறு அறைகளில் பிளக் பாயிண்ட் கிடைக்காததால் அது டைம் ஆபீஸுக்கு வந்து சேர்ந்தது, அவ்வளவுதான். ஆனால் வந்த நாளிலிருந்து அதன் மேல் அவர் கொண்டாடும் உரிமையைப் பார்த்தால், சீதனமாகக் கொண்டுவந்தது என்றே நினைக்கத் தோன்றும்.

பொன்னேரிக்கு அந்தப் பக்கம், நெல் வயல்களுக்கு நடுவே உள்ள கிராமத்திலிருந்து வருகிறவர். கணவர் ராஜமாணிக்கம் சொந்த நிலத்தில் பயிர் வைக்கிறார். இவர் காலையில் யூனிட் என்கிற மின்சார ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து, கவரைப்பேட்டை தாண்டுவதற்குள் டப்பாவிலிருந்து நாஷ்டாவை முடித்துவிடுவார். கனமான உடம்பு, இழுத்துச் செருகிய பருத்திப் புடவை, கழுத்தில் கம்பெனி அட்டை. வலது கை ஆள்காட்டி விரல் மட்டும் எப்போதும் கறுப்பாக இருக்கும். பிரிண்டருக்கு மையாகப் போடும் டோனர் தூள் ரேகைக்குள் இறங்கிவிட்டது, சோப்புக்கும் போகாது, புளிக்கும் போகாது. கல்யாண வீட்டு வாசலில் சந்தனக் கிண்ணத்தை நீட்டுகிறவர்கள் அந்த விரலைப் பார்த்து ஒரு நொடி தயங்குவார்கள். குணசுந்தரி தயங்கமாட்டார். தாராளமாக எடுத்துப் பூசிக்கொண்டு உள்ளே போவார்.

ஸ்லைடுகளைப் பொறுத்தவரை அவருடைய ராஜ்ஜியத்தில் இரண்டு சட்டங்கள் உண்டு. முதலாவது, கரிய நீலப் பின்னணியோடு வரும் ஸ்லைடுகளை அப்படியே அச்சடிக்க மாட்டார். "ராத்திரி வானத்தயெல்லாம் அடிக்க என்னாண்ட மை இல்ல" என்று பின்னணியை வெள்ளையாக்கிவிடுவார். இரண்டாவது, ஒரு பக்கத்துக்கு ஆறு ஸ்லைடு. ஐந்து கிடையாது, நான்கு கிடையாது. பாக்டரி மேனேஜர் தேசிகனே ஒரு முறை, எழுத்து எறும்புபோல இருக்கிறது, இரண்டு இரண்டாகப் போடக்கூடாதா என்று கேட்டுப் பார்த்தார். "ரெண்டு போட்டா மரம் அழுவுது சார், ஆறு போட்டா நீங்க அழுவுறீங்க. மரத்துக்குக் கண்ணாடி போட முடியாது, உங்களுக்குப் போடலாம்" என்றார் குணசுந்தரி. தேசிகன் சிரித்துக்கொண்டே போய்விட்டார். காகிதத்தை மிச்சம் பிடிக்கச் சொல்லி நோட்டீஸ் ஒட்டியவரே அவர்தான், வேறென்ன செய்வார்.

பிரிண்டரில் ஒரு பிழை வந்தால் அதன் பின்னால் ஒரு ஆள் இருப்பார் என்பது குணசுந்தரியின் சித்தாந்தம். ஒரு முறை ஸ்டோர்ஸ்காரர் அனுப்பிய ஸ்லைடுகள் அமெரிக்க அளவில் இருந்தன. பிரிண்டரின் சின்னத் திரை, லெட்டர் அளவுக் காகிதம் போடு என்று ஆங்கிலத்தில் கேட்டது. அவர் 'லெட்டர்' என்ற சொல்லை மட்டும் படித்தார். கேட்டதைக் கொடுத்துவிடுவோம் என்று, மேனேஜரின் பெயர் அச்சிட்ட லெட்டர்பேடைக் கொண்டுவந்து தட்டில் வைத்துவிட்டார். தீயணைப்புக் கருவியை எப்படிப் பிடிப்பது என்ற பாடம் முழுவதும் தேசிகனே எழுதி அனுப்பிய கடிதம்போல வெளியே வந்தது. ஆயுத பூஜைக்கு மறுநாள் நடந்தது இன்னொன்று. காகிதம் சிக்கிக்கொண்டது என்று பிரிண்டர் அலறியது, திறந்தால் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. பக்தி மிகுந்த யாரோ காகிதம் நுழையும் வாயிலேயே சந்தனத்தைக் குழைத்து அப்பி, அதன் மேல் குங்குமமும் வைத்திருந்தார்கள். அது காய்ந்து உள்ளே உதிர்ந்து, காகிதத்தைப் பார்க்க வேண்டிய சின்னக் கண்ணை அடைத்துவிட்டது. அன்றிலிருந்து பொட்டு, பிரிண்டர் நிற்கும் மேசையின் காலுக்குத்தான். "சாமி காலாண்ட வெச்சாலும் ஏத்துக்கும்" என்பார்.

இவ்வளவு கைராசிக்கும் மூலம் பொன்னேரி. பள்ளிக்கூடம் முடித்ததும் அங்கே தமிழ் டைப்ரைட்டிங் படித்தார். பிறகு ஒரு அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி எல்லாம் கம்ப்யூட்டரில் அடித்தார். அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர்களில் பாமினி என்ற எழுத்துரு. அது இருக்கும் இயந்திரத்தில் தமிழ் தமிழாகத் தெரியும். இல்லாத இயந்திரத்தில் அதே 'அம்மா' mk;kh என்று ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகப் பல்லை இளிக்கும். பார்க்கிறவர்களுக்கு அது குப்பை. குணசுந்தரிக்கு அது தமிழ்தான், உடை மட்டும் வேறு. கல்லூரியில் படிக்கும் மகள் பூமிகாவின் எண்ணைக்கூடத் தன் போனில் g+kpfh என்றுதான் வைத்திருக்கிறார். ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்தவர் எட்டிப் பார்த்தால் திகைக்கட்டும் என்று.

அவருடைய வாயைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அந்த ஜன்னலில் யாரும் கேலி வாங்காமல் தாண்ட முடியாது. லேட்டாக வந்தால் "வாங்க மாப்ள, பந்தி முடிஞ்சிது" என்பார். லீவு கேட்டால் "போன மாசம் செத்த அதே பெரியப்பாவா?" என்பார். கேட்டவர்களும் சிரித்துவிட்டுப் போவார்கள். எல்லோரும் சிரிப்பதால் எல்லோருக்கும் பிடிக்கிறது என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். நினைப்பதில் தப்பில்லை, பெரும்பாலும் பிடிக்கத்தான் செய்தது.

போன மாதம் ஒரு காலையில் பேக்கிங் பகுதியிலிருந்து ஜெனிபர் மூச்சிரைக்க வந்தாள். ரப்பர் வளையங்கள் ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்கப் பவுடர் தூவுகிற வேலை, கை இரண்டும் முழங்கைவரை வெள்ளை. அந்த வாரம் அவளுக்குக் காலை ஷிப்ட். டீ பெல் அடித்ததும் தொழிலாளர் நலக் கூட்டம். அதில் இரண்டாம் ஷிப்ட் பெண்களின் சார்பில் அவள் பேசவேண்டும். விஷயம், பஸ். ராத்திரி அந்த ஷிப்ட் விட்டதும் கம்பெனி பஸ் அவர்களை நெடுஞ்சாலையிலேயே இறக்கிவிடுகிறது. அங்கிருந்து ஊருக்குள் போக ஏரிக்கரை மேல் விளக்கில்லாத பாதை. ஓரமெல்லாம் லாரிகள். பஸ்ஸை ஊருக்குள் விடவேண்டும், அதுதான் கேட்பது. அந்த மாதத்துக்குள் நடக்கவில்லை என்றால் ஜெனிபரின் அம்மா அவளை வேலையை விட்டு நிறுத்திவிடுவாள். அம்மா அப்படிச் சொன்னால் செய்கிறவள்.

தேசிகன் திரையில் எதையும் படிக்கமாட்டார். திருவள்ளூரிலிருந்து விடியற்காலைக் கோயில் தரிசனம் முடித்து, நெற்றியில் திருமண்ணோடு வருகிற மனிதர். நல்லவர். ஆனால் திரை கண்ணைக் கூசுகிறது என்று, "கையில குடுங்கோ" என்பார். கையில் காகிதம் இல்லாத பேச்சு அவர் காதில் ஏறாது. ஆகவே ஜெனிபர் பொன்னேரியில் ஒரு கடையில் அடித்துவாங்கிய ஸ்லைடுகளைப் பென் டிரைவில் கொண்டுவந்திருந்தாள்.

"அக்கா, அமுக்கினா ஒண்ணுமே வர மாட்டேங்குது."

"எத்தினி தபா அமுக்கின?"

"நெறைய" என்றாள் ஜெனிபர். உண்மையை முதல் கேள்வியிலேயே சொன்ன ஆள் அவள் ஒருத்திதான்.

குணசுந்தரி வரிசையை அழித்தார், அணைத்தார், தண்ணீர் குடித்தார், போட்டார். பிரிண்டர் சமர்த்தாக ஒரு தாளை நீட்டியது. ஜெனிபர் அதை வாங்கிப் பார்த்தாள், முகம் செத்துப்போயிற்று. தாள் முழுக்க ஆங்கில எழுத்துகள், புள்ளிகள், கோடுகள்.

"கடையில நல்லாதானேக்கா இருந்துச்சி. போச்சா?"

"இன்னாத்துக்குப் போவுது? குடு இப்டி." குணசுந்தரி கறுப்பு விரலை வரியின் மேல் ஓட்டினார். "ehq;fs;. நாங்கள். அப்பால பாரு, ,Ul;L. இருட்டு. இது gak;, பயம். எல்லாம் அப்டியேதான் கீது. எழுத்துதான் இந்த மிஷின்ல இல்ல."

ஜெனிபர் வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். குணசுந்தரிக்கு அது பிடித்திருந்தது, மறைக்கவும் இல்லை.

எழுத்துருவைப் புதிதாகப் போடப் பாஸ்வேர்டு வேண்டும். அது அம்பத்தூர் தலைமை அலுவலகத்தில் கம்ப்யூட்டர் பார்க்கும் சரவணனிடம் இருக்கிறது. போன் போட்டார்.

"மேடம், போன்லலாம் சொல்ல முடியாது. கம்ப்ளெய்ன்ட் டிக்கெட் போடுங்க, மதியத்துக்குள்ள பாத்துடறேன்."

"டிக்கெட் எடுத்துக்கினு நின்னா மட்டும் பஸ் வந்துடுதா தம்பி" என்று வைத்துவிட்டார். பொன்னேரிக் கடைக்காரரின் போன் அணைந்து கிடந்தது. ஜெனிபர் சொல்லச் சொல்ல அடித்துவிடலாம் என்றால், பேக்கிங் லைனில் ஆள் போதவில்லை, அவள் உடனே திரும்ப வேண்டும்.

"நீ போ. பெல் அடிக்கறப்ப வா. ரெடியா இருக்கும்."

"அக்கா..." ஜெனிபர் வாசலில் நின்றாள். "அதுல ஒரு எடத்துல..."

"போம்மா, எல்லாம் எனக்குத் தெரியும். பேஜாரு பண்ணாத."

ஜெனிபர் பேக்கிங் பக்கம் ஓடினாள்.

அந்தக் கம்ப்யூட்டரில் இருந்த ஒரே தமிழ் எழுத்துரு வேறு வகை. ஆங்கில ஒலியைத் தட்டினால்தான் தமிழ் வரும். பாமினியில் மழைபோல அடிக்கும் விரல்கள் இதில் கோழி கொத்துவதுபோலக் கொத்தின. பழக்க தோஷத்தில் பழைய விசைகளுக்கே ஓடின, அடித்தார், அழித்தார், கம்ப்யூட்டரைத் திட்டினார். ஆனால் ஒரு நிமிஷம்கூட முடியாது என்று அவருக்குத் தோன்றவில்லை. பிரிண்டர் விஷயத்தில் அவருக்கு அந்தச் சொல் பழக்கமில்லை. முதல் ஸ்லைடு முடிந்தது, இரண்டாவது முடிந்தது. லாரிகளை ஒட்டி நடந்துபோக வேண்டிய பாதையின் போட்டோவைப் பார்த்து உச்சுக்கொட்டினார். சாராள் என்ற பெண்ணை ஒரு பைக் ஏரிக்கரைவரை பின்தொடர்ந்ததும், மறுநாளிலிருந்து அவள் வேலைக்கு வராததும் அடுத்த ஸ்லைடில் இருந்தது. சாராளை அவருக்குத் தெரியும். வராத நாட்களைக் குறித்தவர் அவர்தான், ஏன் வரவில்லை என்று கேட்டதில்லை.

அதே ஸ்லைடின் அடியில் இரண்டு வரி. 'டைம் ஆபீஸில் கேட்டோம். பஸ் எங்கள் டிபார்ட்மெண்ட் இல்லை, நடப்பது உடம்புக்கு நல்லது என்றார்கள்.'

குணசுந்தரியின் விரல் நின்றுவிட்டது.

சொன்னது அவர்தான். அந்த பைக் விவகாரத்துக்கு முன்னால், சாராளும் ஜெனிபரும் ஜன்னலில் வந்து நின்ற சாயங்காலம் நன்றாக நினைவிருந்தது. கேலியாகத்தான் சொன்னார். பக்கத்து மேசைக்காரர் சிரித்தார், வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள், ஜெனிபர்கூடச் சிரித்தாள். சாராள் சிரித்தாளா என்று யோசித்துப் பார்த்தார். அது நினைவுக்கு வரவில்லை. முகம் சூடாகிவிட்டது. இத்தனை வருஷம் அந்த ஜன்னலில் வீசி எறிந்த பேச்சில் ஒன்று திரும்பி வந்து தன் மேலேயே விழும் என்று அவர் எதிர்பார்க்கவே இல்லை. வெட்கமாக இருந்தது.

அந்த இரண்டு வரியை அடிக்காமல் விட்டால் கேட்க ஆளில்லை. அந்தத் தொழிற்சாலையில் அதைப் படிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். ஜெனிபர் கவனித்தாலும் வாய் திறக்க மாட்டாள், இன்னும் சொல்லப்போனால் நிம்மதிப்படுவாள். வாசலில் அவள் தயங்கி நின்றது எதற்கென்று இப்போது புரிந்தது.

குணசுந்தரி அடித்தார். அடித்து முடித்து, படித்துப் பார்த்து, தலையை ஆட்டினார். ஜெனிபர் மரியாதைக்காகப் பேச்சைத் துலக்கி எழுதியிருந்தாள். அதில் அந்தச் சூடு இல்லை. அழித்துவிட்டுத் தான் சொன்னபடியே போட்டார்: 'பஸ்ஸெல்லாம் என் டிப்பாட்மெண்டு இல்ல. நடந்தா ஒடம்புக்கு நல்லது.'

பிறகு அச்சுக்குக் கொடுத்தார். வழக்கம்போல ஒரு பக்கத்துக்கு ஆறு. தாள் வந்தது. தேசிகன் பார்ப்பதுபோலக் கையை நீட்டித் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். பாதை தெரிந்தது, லாரி தெரிந்தது. கீழ் மூலையில் சாராளும், அவருடைய சொந்தப் பேச்சும் எறும்பு வரிசையாக ஒண்டிக்கொண்டிருந்தன. இப்படியே விட்டால் மேனேஜர் கண்ணுக்கு அது படப்போவதில்லை. நாற்காலியில் சாய்ந்து கொஞ்ச நேரம் பிரிண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது அடுத்த உத்தரவுக்காகக் காத்திருந்தது.

அந்த ஸ்லைடை மட்டும் தனியே எடுத்தார். ஆறு என்பதை அழித்து, ஒன்று என்று போட்டார். அந்த அறையில் அந்த எண் விழுந்தது அதுவே முதல் தடவை. ஒரு ஸ்லைடு, ஒரு முழுத்தாள், கொட்டை எழுத்து.

பெல் அடிக்கும்போது பிரதிகள் சூடாக இருந்தன. ஜெனிபர் வெள்ளைக் கையோடு ஓடிவந்தாள். "பவுடர் பட்டுரும், தொடாத" என்று தானே அடுக்கி எடுத்துக்கொண்டு கூட்ட அறைக்கு நடந்தார் குணசுந்தரி. எல்லோருக்கும் கொடுத்துவிட்டு வெளியே போகாமல் கதவோரம் நின்றார்.

பஸ் இப்போது ஏரிக்கரையைத் தாண்டி ஊருக்குள் இருக்கும் சர்ச் வாசல்வரை போகிறது. அதற்குள் இன்னும் இரண்டு கூட்டமும், டிரைவரோடு ஒரு சண்டையும், சாராள் வீட்டுக்குப் போய் அவளுடைய அம்மாவிடம் குணசுந்தரி பேசிய பேச்சும் உண்டு. சாராள் வேலைக்குத் திரும்பிவிட்டாள். அதெல்லாம் பின்னால் நடந்தவை.

அன்று ஜெனிபர் முதலில் தடுமாறி, பிறகு தெளிவாகப் பேசினாள். தேசிகன் தாளை நீட்டிப் பிடித்துப் புரட்டிக்கொண்டே வந்தார். ஆறு ஆறாகப் புரண்டது. முழுத்தாள் வந்ததும் கை நின்றது. நீட்டிய கையை மடக்கிக் கிட்டத்தில் கொண்டுவந்து, வாய்க்குள்ளேயே படித்தார். இன்னொரு முறை படித்தார். நிமிர்ந்தபோது சிரிப்பில்லை.

"டைம் ஆபீஸ்ல மூணு பேர் இருக்கா. யார் சொன்னது இது?"

ஜெனிபர் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். "ஞாபகம் இல்ல, சார்."

கதவோரத்திலிருந்து, அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது பள்ளிக்கூடத்தில் தூக்குவதைப்போல, குணசுந்தரி கையைத் தூக்கினார். கறுப்பு விரல் எல்லோருக்கும் மேலே தெரிந்தது.